கனத்த டிவிதான் நல்ல டிவியா?
எடை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொலைக்காட்சிப் பெட்டியின் எடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, திரையில் படம் உண்டாகும் முறை. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் படம் காட்டும் பழைய பெட்டிக்குக் கனத்த கண்ணாடிக் குழாய் வேண்டும். வாயுவை ஒளிரச் செய்யும் பிளாஸ்மாவுக்குத் தடித்த கண்ணாடித் தகடுகள் வேண்டும். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக மறைத்தும் விடுத்தும் படம் காட்டும் எல்.சி.டி.க்கு மெல்லிய கண்ணாடியே போதும். விலை, பிராண்ட், வசதிகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு இந்த மூன்று வகையும் பழக்கம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது அந்த ஒளிபரப்பு நெல்லைச் சீமையை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொடங்கிய பிறகு, தென்கோடி ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பல மரக் கேபினட்டும் இழுத்து மூடும் கதவும் கொண்ட சாலிடேர், டயனோரா வகை. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 14 அங்குலப் பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2011 வரை மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. இப்போது அந்தப் பெட்டி இருந்த இடத்தில் பெரும்பாலும் 32 அல்லது 43 அங்குல எல்.இ.டி. இருக்கிறது. 14 அங்குலப் பெட்டி சுமார் 10 கிலோ; 32 அங்குல எல்.இ.டி. 4 முதல் 5 கிலோ. திரை பெருத்தும் எடை பாதியானது ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன. அவற்றில் சில சரி, பல தவறு.

நம்பிக்கை 1: பழைய டிவி கனப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் செம்பும் இரும்பும்.

உண்மை: கனத்துக்குக் காரணம் கண்ணாடி. 14 அங்குல வண்ணப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் காலி இடம்தான் கண்ணில் படும். அடியில் ஒரே ஒரு சர்க்யூட் போர்டு. அதன் மூலையில் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று ரப்பர் மூடியுடன் படக்குழாயின் தோளில் போய் ஒட்டிக்கொள்கிறது. குழாயின் கழுத்தைச் சுற்றி யோக் எனப்படும் செம்புச் சுருள். திரையின் விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்த இரும்புப் பட்டை. அதன்மேல் கறுப்பு நாடா சுற்றிய ஒரு கம்பிச் சுருள். திரையில் நிறத்திட்டு விழாமல் காந்தத்தைப் போக்குவது அது. இவ்வளவுதான் உலோகம். செம்பை மொத்தமாகப் பிரித்தெடுத்தாலும் இந்த அளவுப் பெட்டியில் அரை கிலோ தேறுவது அரிது. மீதியில் பிளாஸ்டிக் கேபினட்டுக்கு ஒரு பங்கு போக, மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு படக்குழாயின் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி சன்னல் கண்ணாடி வகையும் இல்லை. அதற்கு இரண்டு வேலை. முதலாவது, காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது. குழாய்க்குள் காற்று உறிஞ்சி எடுக்கப்பட்டிருப்பதால், வெளியே உள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. 14 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் இது அரை டன்னுக்கு மேல். 21 அங்குலத்தில் ஒன்றேகால் டன். இதைத் தாங்க முகப்புக் கண்ணாடி ஒரு சென்டிமீட்டருக்கு முன்பின் தடிப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது வேலை, எக்ஸ் கதிரைத் தடுப்பது. வண்ணக் குழாயில் எலக்ட்ரான்கள் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்ந்து மோதும்போது சிறிதளவு எக்ஸ் கதிர் உண்டாகும். அதை உள்ளேயே விழுங்கிவிட, முகப்புக் கண்ணாடியில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும், பின்புறப் புனல் பகுதியில் ஈய ஆக்சைடும் கலந்தார்கள். புனல் கண்ணாடியில் ஈய ஆக்சைடின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் குறையாது. சாதாரணக் கண்ணாடி தண்ணீரைப் போல 2.5 மடங்கு கனம் என்றால், இந்தக் கண்ணாடி 2.7 முதல் 3 மடங்கு வரை கனம்.

நம்பிக்கை 2: படக்குழாய்க்குள் கேஸ் அடைத்திருக்கிறது; கேஸ் குறையக் குறைய டியூப் வீக்காகி எடையும் குறையும்.

உண்மை: குழாய்க்குள் இருப்பது வெற்றிடம். வாயு இருந்தால் எலக்ட்ரான் கற்றை சிதறிப் படமே வராது. குழாய் 'வீக்' ஆவதற்குக் காரணம் கழுத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் துப்பாக்கியின் கேத்தோடு. சூடானதும் எலக்ட்ரான்களை வெளிவிடும் அதன் பூச்சு, ஆண்டுகள் போகப்போக வலுவிழக்கிறது, படம் மங்குகிறது. எடையில் மாற்றம் எதுவும் தராசில் தெரியாது. விரிசல் விழுந்து காற்று உள்ளே புகுந்தால் எடை கூடத்தான் செய்யும்; 14 அங்குலக் குழாய்க்கு அந்தக் கூடுதல் சுமார் 10 கிராம்.

வெற்றிடம் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. தனியாகக் கழற்றிய படக்குழாய், அத்தனை கனமாக இருந்தும், தண்ணீரில் மிதக்கும். 14 அங்குலக் குழாயின் கண்ணாடி 6 கிலோ அளவுக்கு இருந்தால், அது அடைத்துக்கொள்ளும் இடம் 9 லிட்டர் அளவுக்கு வரும். அந்த இடத்தில் இருக்கக்கூடிய தண்ணீரின் எடை குழாயைவிட அதிகம். கடலில் எறியப்பட்ட படக்குழாய்கள் உடையாமலே கரை ஒதுங்குவது இதனால்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருக்கெடுத்துத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது போன்ற நேரங்களில், 'டியூபுக்குள் தண்ணி போய்விட்டது' என்று சொல்வதுண்டு. உடையாத குழாய்க்குள் தண்ணீர் போக வழியில்லை. நனைந்து கெடுவது போர்டும் ஸ்பீக்கரும். கூடிய எடை கேபினட்டுக்குள் படிந்த சேறு.

நம்பிக்கை 3: கனமான பெட்டியே தரமான பெட்டி.

உண்மை: ஒரு காலத்தில் இதில் ஓரளவு நியாயம் இருந்தது. தொடக்ககாலப் பெட்டிகளில் மின்சாரத்தை மாற்றித் தர, இரும்புத் தகடுகளை அடுக்கிச் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர் பயன்பட்டது. தகட்டிலும் கம்பியிலும் கஞ்சம் பிடித்தால் அது சூடேறி எரியும். தாராளமாகப் போட்டால் எடை கூடும், ஆயுளும் கூடும். டிவிக்குப் பக்கத்தில் தனியாக வைத்த ஸ்டெபிலைசருக்கும் இதே கணக்கு.

பிறகு வந்த ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை இந்தக் கணக்கை மாற்றியது. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இந்த சப்ளை அதைப் பல்லாயிரம் முறையாக வெட்டித் தருகிறது. அதிர்வெண் கூடக்கூட அதே திறனைக் கடத்தச் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். அதனால் கிலோக் கணக்கில் இருந்த பகுதி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் சமாளிக்கும் என்பதால் தனி ஸ்டெபிலைசரின் தேவையும் பெரும்பாலும் போயிற்று. எடை குறைந்தது, தரம் குறையவில்லை.

அரசு தந்த பெட்டியைக் கடையில் விற்ற 21 அங்குலப் பெட்டியோடு ஒப்பிட்டு 'லேசா இருக்கு, சரக்கு மட்டம்' என்று சொல்வதிலும் இதே பிழை. 21 அங்குலம் 20 கிலோவைத் தாண்டும். 14 அங்குலம் அதில் பாதி. இது திரையின் அளவு தந்த வித்தியாசம். ஒரே அளவு, ஒரே வகைப் பெட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே எடை ஏதாவது சொல்லும். அப்போதும் அது சொல்வது கேபினட், ஸ்டாண்ட், ஸ்பீக்கர் பற்றித்தான். படத்தின் தெளிவைப் பற்றி அல்ல.

நம்பிக்கை 4: பிளாட் டியூப் தட்டையானது, ஆகவே எடை குறைவு.

உண்மை: நேர்மாறு. 1990களின் இறுதியிலிருந்து விற்பனைக்கு வந்த தட்டைமுகக் குழாய்ப் பெட்டிகள், அதே அளவு வளைந்த முகப் பெட்டிகளைவிடக் கனமானவை. பழைய குழாயின் முகம் வெளிப்பக்கம் புடைத்திருந்ததற்குக் காரணம் வலிமை. திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்கே 1843இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகள், மேலே விழும் பாரத்தைப் பக்கங்களுக்குத் தள்ளித் தாங்குவது போலவே, புடைத்த கண்ணாடி காற்றின் அழுத்தத்தை விளிம்புகளுக்குத் தள்ளிவிடுகிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். வளைப்பையும் இழுப்பையும் தாங்காது. முகத்தைத் தட்டையாக்கினால் நடுப்பகுதி உள்ளே வளையப் பார்க்கும். அதை ஈடுகட்டத் தடிப்பைக் கூட்டுவதே வழி. 29 அங்குலத் தட்டைக் குழாய்ப் பெட்டி 45 கிலோவைத் தாண்டி, மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியதாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

2005ஐ ஒட்டி எல்.ஜி., சாம்சங் நிறுவனங்கள் முன்பின் நீளம் குறைந்த 'ஸ்லிம்' படக்குழாய்களைக் கொண்டுவந்தன. அவையும் இடத்தைத்தான் மிச்சப்படுத்தின; கண்ணாடியின் தேவை மாறாததால் எடை பெரிதாகக் குறையவில்லை.

நம்பிக்கை 5: திரை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு எடை கூடும்.

உண்மை: ஒரே வகைப் பெட்டிகளுக்குள் எடை அதைவிட வேகமாகக் கூடும், வகை மாறினால் இந்த விதியே செல்லாது. கடையில் சொல்லும் அங்குலக் கணக்கு மூலைவிட்டத்தின் நீளம். அது இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. பரப்பு கூடியதால் காற்றின் மொத்த அழுத்தமும் நான்கு மடங்காகி, கண்ணாடி இன்னும் தடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் 14 அங்குலத்துக்கு 10 கிலோ என்றால் 29 அங்குலத்துக்கு 20 கிலோவில் நிற்காமல் 40 கிலோவுக்கு மேல் போகிறது. இந்த வழியில் எட்டிய உச்சங்களில் ஒன்று, 1989இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த 43 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி. அதன் எடை சுமார் 200 கிலோ. அதற்கு மேல் குழாயைப் பெரிதாக்கி வீட்டுக்குள் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை.

இன்று அதே 43 அங்குலம் எல்.இ.டி. வகையில் 7 முதல் 9 கிலோ. எல்.சி.டி. பேனலில் வெற்றிடமும் இல்லை, ஆயிரக்கணக்கான வோல்ட்டும் இல்லை. தாங்க வேண்டிய அழுத்தமும் தடுக்க வேண்டிய எக்ஸ் கதிரும் இல்லாததால் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தாள்கள் போதும். 32 அங்குலப் பேனலில் அந்த இரண்டும் சேர்ந்து முக்கால் கிலோவைத் தாண்டாது. எல்.இ.டி. டிவி எனப்படுவதும் எல்.சி.டி.தான், பின்னால் குழல்விளக்குக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு இருப்பது மட்டுமே வேறுபாடு. குழல்விளக்கு, தடித்த இரும்புத் தகட்டு முதுகு, கனத்த ஸ்டாண்ட் எல்லாம் கொண்ட முதல் தலைமுறை 32 அங்குல எல்.சி.டி. 12 கிலோவுக்கு மேல் இருந்தது. விளக்கு மாறி, முதுகு மெலிந்து, ஸ்டாண்ட் இரண்டு பிளாஸ்டிக் கால்களாகக் குறைந்ததும் எடை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது.

நம்பிக்கை 6: ஒல்லியான டிவியே லேசான டிவி.

உண்மை: ஒல்லிக்கும் லேசுக்கும் நேரடி உறவு இல்லை. எல்.இ.டி. விளக்குகளைத் திரைக்கு நேர்பின்னால் வரிசையாகப் பதிப்பது ஒரு முறை. வெளிச்சம் பரவ விளக்குக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். பெட்டி சற்றுத் தடிக்கும். ஆனால் அந்த இடைவெளியில் இருப்பது காற்று. விளிம்பில் மட்டும் விளக்கைப் பதிப்பது இன்னொரு முறை. இதில் பெட்டி மெலிந்துவிடும். விளிம்பிலிருந்து வரும் வெளிச்சத்தைத் திரை முழுதும் பரப்ப, அக்ரிலிக்கால் ஆன தெளிந்த தகடு ஒன்று தேவைப்படும். 3 மில்லிமீட்டர் தடிப்பில் அந்தத் தகடு 32 அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 55 அங்குலத்துக்கு மூன்று கிலோவை நெருங்கும். தடித்த பெட்டி லேசாகவும் மெலிந்த பெட்டி கனமாகவும் அமைவது இப்படித்தான்.

பிளாஸ்மா இதற்கு இன்னும் நல்ல சான்று. சுவரில் மாட்டும் அளவுக்குத் தட்டையான அந்தப் பெட்டி 42 அங்குலத்தில் 30 கிலோ வரை இருந்தது. 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கு முன்னால் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று, பின்னால் அலுமினியத் தகடு என்று அடுக்கியதில் கண்ணாடி மட்டுமே 10 கிலோவைத் தொட்டது. பெயருக்கு வாயு டிவி; அதில் அடைத்த நியான், செனான் வாயுக்களின் எடை ஒரு கிராம்கூட இராது. ஸ்மார்ட் டிவியில் கூடுதலாக இருக்கும் சிப், வைஃபை ஆகியவற்றின் எடையும் கிராம் கணக்கில்தான். யூடியூப் வருவதால் டிவி கனப்பதில்லை.

நம்பிக்கை 7: கனமான டிவி கரண்டையும் அதிகம் இழுக்கும்.

உண்மை: மின்செலவு வெளிச்சத்தை உண்டாக்கும் முறையையும் திரையின் பரப்பையும் பொறுத்தது. 10 கிலோ எடையுள்ள 14 அங்குலப் பெட்டி 50 முதல் 60 வாட் எடுக்கும். அதில் பாதி எடையுள்ள 32 அங்குல எல்.இ.டி.யும் ஏறக்குறைய அந்த அளவை ஒட்டியே, மாடலைப் பொறுத்துச் சற்றுக் குறைவாக எடுக்கும். 30 கிலோ பிளாஸ்மா 200 வாட்டுக்கு மேல் எடுத்தது. அதைவிடக் கனமான 29 அங்குலக் குழாய்ப் பெட்டி அதைவிடக் குறைவாகத்தான் எடுத்தது. பில்லைப் பற்றிக் கவலைப்படுபவர் பார்க்க வேண்டியது பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளை. அதில் எடைக்கு இடமில்லை.

நம்பிக்கை 8: பழைய மரப்பெட்டி டிவிக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, அதுதான் கனம், அதற்கு லட்சக்கணக்கில் விலை.

உண்மை: கனமும் விலையும் அள்ளித்தரும் சிவப்புப் பாதரசம் என்ற பொருளே இல்லை. 2009இல் சவூதி அரேபியாவில் இதே வதந்தி சிங்கர் தையல் மெஷின்கள்மீது ஏறி, பழைய மெஷின்கள் தாறுமாறான விலைக்குக் கைமாறின. பழைய ரேடியோ, டிவி என்று வதந்தி வாகனம் மாற்றிக்கொண்டதே தவிர, பொருள் எங்கும் அகப்படவில்லை. படக்குழாயை உடைத்துத் தேடினால் கிடைப்பது ஈயக் கண்ணாடிச் சில்லும், வெற்றிடம் உடையும் வேகத்தில் தெறிக்கும் துண்டுகளால் காயமும்தான்.

உண்மையான பாதரசம் வேறிடத்தில் இருந்தது. குழல்விளக்கு வைத்த முதல் தலைமுறை எல்.சி.டி. டிவிகளின் ஒவ்வொரு விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. விற்க உதவாத அளவு. மூடிய அறையில் உடைத்து மூச்சில் இழுத்தால் கெடுதல் செய்யும் பொருள்.

நம்பிக்கை 9: லேசான டிவியால் ஆபத்து இல்லை.

உண்மை: பழைய பெட்டியின் எடை பின்னால் துருத்திய முதுகில் இருப்பதாகத் தோன்றினாலும், தடித்த கண்ணாடி முன்பக்கம் இருப்பதால் கனம் திரையை ஒட்டியே நிற்கும். உயரமான பீரோ மேலோ ஆடும் ஸ்டூல் மேலோ வைத்தால் முன்பக்கமாகத்தான் கவிழும். எல்.இ.டி. டிவிக்கு வேறு சிக்கல். எடை குறைவு, அகலம் அதிகம், நிற்பதோ இரண்டு ஒடுங்கிய கால்களில். குழந்தை விளிம்பைப் பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடும். சுவரில் மாட்டும்போது, டிவியின் எடையைவிடப் பல மடங்கு தாங்கும் பிராக்கெட்டும், காரை உதிராத செங்கல் சுவரில் இறங்கிய திருகும் தேவை.

நம்பிக்கை 10: ஓடாத டிவியை உடைத்துப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

உண்மை: கனம் தந்த அதே ஈயம் இங்கே பிரச்சினை. அளவைப் பொறுத்து ஒரு படக்குழாயில் அரை கிலோ முதல் மூன்று கிலோ வரை ஈயம் இருக்கலாம். குழாய் முழுதாக இருக்கும்வரை அது கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். நொறுக்கிக் குளத்தங்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ கொட்டினால் சில்லுகளிலிருந்து மெல்லக் கசிந்து மண்ணிலும் நீரிலும் சேரும். பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் விலை பெறுவது யோக்கின் செம்பும் கேபினட்டின் பிளாஸ்டிக்கும் மட்டுமே. மொத்த எடையில் பெரும்பங்கான கண்ணாடிக்கு அங்கே மதிப்பில்லை. அதனால் செம்பை உருவிக்கொண்டு குழாயைப் போட்டுவிடும் பழக்கம் வந்தது. கம்பியைப் பிளாஸ்டிக் உறையோடு எரித்துச் செம்பெடுப்பது அதனினும் கேடு.

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கான தனி விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறையில் உள்ளன. இப்போது நடப்பில் இருப்பவை 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகள். இவற்றின்படி பழைய பெட்டிகளை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பில் உற்பத்தியாளருக்குப் பங்குண்டு. வீட்டில் செய்யக்கூடியது எளிது: குழாயை உடைக்காமல், பெட்டியைப் பிரிக்காமல், முழுதாகவே பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ, பழையதை எடுத்துக்கொண்டு புதியது தரும் கடையிலோ ஒப்படைப்பது.